மணப்பந்தலும் நம் சரக்கும்

தையிலும் ஆவணியிலும் முகூர்த்த நாட்கள் நெருங்கும்போது நம் கடன் சங்கங்களின் நகைப் பெட்டகம் இரு காரணங்களுக்காகத் திறக்கப்படுகிறது. மணவறையில் அணிவதற்காக நகையை மீட்பவர் சிலர். மண்டபத்துக்கும் விருந்துக்கும் பணம் வேண்டி நகையை வைப்பவர் பலர். இரு சாராரும் நம் அங்கத்தினரே. சில குடும்பங்களில், திருமணத்துக்கு முதல் வாரம் மீட்கப்பட்ட சங்கிலி மறு வாரமே அடகுக்குத் திரும்பி வருவதையும் ஆய்வுக்குச் செல்லும் ஏடுகளில் காணலாம். கடன் ஏடு பேசுவதில்லை. ஆயினும் ஒரு வீட்டின் கதையை அது போலத் தெளிவாகச் சொல்வது வேறொன்றும் இல்லை.

திருமணத்தைச் சிக்கனமாக நடத்துங்கள் என்று அங்கத்தினர் கல்வி வகுப்புகளில் அறிவுரை கூறுவது நெடுநாளைய வழக்கம். அந்த அறிவுரையை நெசவாளர் சங்கத்தில் கூறப் புகும்போது ஓர் இடர்ப்பாடு எழுகிறது. காஞ்சிபுரத்திலும் ஆரணியிலும் திருபுவனத்திலும் பட்டுத் தறிகள் ஓடுவது பெரும்பாலும் திருமணங்களை நம்பியே. நிலக்கோட்டைச் சந்தைக்கு வரும் மல்லிகையும், தோவாளைச் சந்தைக்கு வரும் பிச்சியும், கும்பகோணத்து வெற்றிலையும், காவிரிக் கரையின் வாழையிலையும் முகூர்த்த நாளையே எதிர்நோக்கி நிற்கின்றன. நாட்டில் உள்ளோர் யாவரும் ஒரே நாளில் சிக்கனக்காரர் ஆகிவிட்டால் முதலில் நிற்பது நம் தறி. முதலில் வாடுவது நம் பூ. வகுப்பில் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் முதிய நெசவாளர் ஒருவர், "எல்லோரும் சிக்கனமாகக் கல்யாணம் செய்தால் நான் நெய்ததை யார் வாங்குவது?" என்று கேட்டால், வெறும் சிக்கனப் பிரசாரத்திடம் அதற்கு விடை இல்லை.

ஆகவே கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்பது நலம். எவ்வளவு செலவு என்பதோடு, அந்தச் செலவு யாரிடம் போய்ச் சேர்கிறது என்றும் கேட்க வேண்டும். ஒரு திருமணத்தில் செலவாகும் நூறு ரூபாயில் தறிக்கும் வயலுக்கும் வருவது எத்தனை? தட்டியில் ஒட்டிய நெகிழித் தாளுக்கும், ஒரு மணி நேரத்தில் அணையும் மின்விளக்குத் திரைக்கும், வட்டிக்கடைக்கும் போவது எத்தனை? இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு, காலம் கடந்துவிட்ட சில வழக்கங்களையும் அவற்றின் இடத்தில் மணமக்கள் மேற்கொள்ளத் தக்கவற்றையும் ஆராய்வோம்.

தட்டியும் மேடையும்

முதலில் ஒழிய வேண்டியது சாலையோரத்து விளம்பரத் தட்டி. மணமக்களின் படம் சிறிதாகவும், வாழ்த்துவோரின் படங்கள் பெரிதாகவும் அமைந்த இத்தட்டிகளால் எவருக்கு என்ன பயன் என்பது விளங்கவில்லை. 2019 செப்டம்பரில் சென்னையில் ஒரு திருமணத்துக்காகச் சாலை நடுவே கட்டப்பட்டிருந்த தட்டி, இருசக்கர வண்டியில் சென்ற இளம்பெண் ஒருவர் மேல் விழுந்தது. நிலை தடுமாறி வீழ்ந்த அவர் பின்னால் வந்த தண்ணீர் வண்டியில் சிக்கி உயிரிழந்தார். ஒரு வீட்டின் மங்கல காரியம் இன்னொரு வீட்டின் மகளைக் கொண்டுபோயிற்று. இதற்குமேல் இதைப் பற்றி வாதிட வேண்டுவதில்லை. வீட்டு வாயிலில் குலை தள்ளிய இரண்டு வாழை மரங்களும் மாவிலைத் தோரணமும் கட்டினால் இன்ன வீட்டில் இன்று திருமணம் என்பது தெருவுக்கே தெரியும். அந்த வாழை ஒரு விவசாயியின் தோட்டத்திலிருந்து வந்தது. மறுநாள் அதன் தண்டு கறிக்காகும், இலை மாட்டுக்காகும்.

மேடையில் புகை எழுப்பும் கருவியைப் பற்றியும் ஒரு சொல். மணமகள் மேகத்தினூடே நடந்து வருவதாகப் பாவனை. ஆனால் முன்வரிசையில் அமர்ந்துள்ள பாட்டிமார் இருமுவதுதான் மெய். தெர்மோகோல் தூண்களும், பிற நாட்டு ஆலைகளில் செய்த துணிப்பூக்களும் இதே இனத்தைச் சேர்ந்தவை. நம் பூச்சந்தையில் பூ தேங்கிக் கிடக்கும் நாளில், நம் பந்தலில் வாசனையற்ற நெகிழிப் பூ தொங்குவதை என்னென்பது!

முகூர்த்தப் புடவை

இனி நெசவாளருக்கு நேரே தொடர்புடைய பகுதிக்கு வருவோம். சற்று விரிவாகவே கூற வேண்டியுள்ளது.

இன்று வழக்கில் உள்ள தவறு இருவகைப்பட்டது. ஒரு சாரார், பட்டு என்று பெயர் சொல்லி விசைத்தறியில் செயற்கை இழையால் நெய்த புடவையை வாங்குகின்றனர். மற்றொரு சாரார், உடலெங்கும் ஜரிகை நிறைந்த மிகக் கனமான புடவையை வாங்கி, முகூர்த்தத்தன்று இரண்டு மணி நேரம் உடுத்தி, பிறகு ஆயுள் முழுவதும் பீரோவில் மடித்து வைத்துவிடுகின்றனர். முதல் வகையில் நெசவாளனுக்குக் கூலியே இல்லை. இரண்டாம் வகையில் கூலி உண்டு. ஆனால் பலரும் எண்ணும் அளவுக்கு இல்லை.

காரணம் இதுதான். அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் மெல்லிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்குத் தங்க முலாம் ஏற்றியது. புடவையில் ஜரிகை கூடக்கூட, அதன் விலையில் பெரும்பங்கு வெள்ளிக்கே போகிறது. 2025ஆம் ஆண்டில் வெள்ளியும் தங்கமும் ஏறிய ஏற்றத்தை அனைவரும் அறிவோம். அதனால் புடவையின் விலை உயர்ந்ததே தவிர, தறியில் அமர்ந்தவனின் கூலி அதே அளவில் உயரவில்லை. மாறாக, ஜரிகை குறைந்து வேலைப்பாடு மிகுந்த புடவையை எடுத்துக்கொள்வோம். உடல் ஒரு நிறமாகவும் கரை வேறு நிறமாகவும் அமையும் கோர்வைப் புடவையில் மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். நெய்பவருக்கு உதவியாகக் கரையின் நாடாவை வீச இன்னொருவர் வேண்டும். உடலின் ஊடையும் கரையின் ஊடையும் இழைக்கு இழை கோத்துக்கொள்வதால்தான் அந்தக் கரை எளிதில் விட்டுப்போவதில்லை. முந்தானையை வேறு நிறப் பாவோடு இணைக்கும் பிட்னி வேலை இன்னும் பொறுமையைக் கேட்பது. இத்தகைய புடவைக்குக் கொடுக்கும் விலையில் மனித உழைப்பின் பங்கு அதிகம். உலோகத்தின் பங்கு குறைவு. உடுத்துவோருக்கும் அது இலேசாக இருக்கும். இலேசாக இருப்பதால் தலைத்தீபாவளிக்கும், வளைகாப்புக்கும், தங்கையின் திருமணத்துக்கும் எடுத்து உடுத்தலாம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில. புடவையின் ஓரத்திலிருந்து இரண்டு மூன்று இழைகளை உருவித் தீயில் காட்டினால், பட்டு மயிர் கருகும் நாற்றத்தோடு மெல்ல எரியும்; சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். செயற்கை இழையோ உருகிச் சுருண்டு கெட்டியான மணியாகும். மத்திய பட்டு வாரியத்தின் முன்முயற்சியில் 2004இல் தொடங்கிய சில்க் மார்க் முத்திரை, பட்டு தூய்மையானது என்பதற்குச் சான்று. ஆனால் அது கைத்தறியா விசைத்தறியா என்பதை அது சொல்வதில்லை. அதைச் சொல்வது 2006 முதல் வழங்கும் கைத்தறி முத்திரை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவோர் நம் அங்கத்தினரிலேயே உண்டு. ஜரிகையில் வெள்ளி எத்தனை பங்கு, தங்கம் எத்தனை பங்கு என்பதைக் கண்ணால் கண்டுபிடிக்க இயலாது; விற்பவர் அதை ரசீதில் எழுதித் தர வேண்டும். எழுதித் தரத் தயங்கும் கடையிலிருந்து எழுந்து வருவதே அறிவுடைமை.

பட்டே உடுத்த வேண்டும் என்ற நியதியும் இல்லை. கோவை வட்டாரத்துக் கோரா காட்டன், நெகமம் பருத்திப் புடவை, செட்டிநாட்டுக் கண்டாங்கி ஆகியவை புவிசார் குறியீடு பெற்றவை. மாலை நிகழ்ச்சிக்கு இவற்றுள் ஒன்றை உடுத்தும் பெண்கள் நகரங்களில் பெருகி வருகின்றனர். மணமகனுக்குச் சேலத்து வெண்பட்டு வேட்டி இருக்கிறது. வரவேற்புக்காக ஒரு நாள் வாடகைக்கு எடுக்கும் வடநாட்டு ஷெர்வானியைக் காட்டிலும் அது அவனுக்குப் பொருந்தும். வேர்வையும் குறையும்.

பாட்டியின் அல்லது தாயின் முகூர்த்தப் புடவையையே உடுத்திக்கொள்ள விரும்பும் மணமக்களும் இக்காலத்தில் உண்டு. இதனால் தறிக்கு நட்டம் அல்லவா என்று கேட்கலாம். அசல் கைத்தறிப் பட்டு நாற்பது ஆண்டு கழித்தும் உடுத்தத் தக்கதாக இருக்கிறது என்பதைவிடப் பெரிய விளம்பரம் கைத்தறிக்கு ஏது? அப்புடவையை முகூர்த்தத்துக்கு உடுத்தும் குடும்பம், மிச்சமாகும் பணத்தில் நான்கு பேருக்குக் கைத்தறிப் பருத்தி எடுத்தால் தறிக்கு வேலை குறையாது, கூடும்.

மஞ்சள் பை

தாம்பூலத்தோடு தேங்காய் வைத்துத் தரும் மஞ்சள் பை ஒரு காலத்தில் நம் திருமணங்களின் அடையாளமாக இருந்தது. பின்னர் அதைக் கையில் வைத்திருப்பது பட்டிக்காட்டுத்தனம் என்ற எண்ணம் பரவி, வழவழப்பான வண்ணப் பை அதன் இடத்தைப் பிடித்தது. துணி போலத் தோன்றும் அந்தப் பையை எவரும் நெய்யவில்லை. அது பாலிபுரொப்பிலின் என்னும் நெகிழியை இழையாக்கி, சூட்டில் அழுத்தி ஒட்டியது. பாவும் இல்லை, ஊடும் இல்லை. ஒரு தீக்குச்சியைக் காட்டினால் உண்மை வெளிப்பட்டுவிடும்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்கள் பல தடை செய்யப்பட்டுள்ளன. நெய்யப்படாத இந்தப் பையும் அத்தடையில் அடங்கும். நெகிழி பூசிய காகிதத் தட்டு, நெகிழிப் பூச்சுள்ள தேநீர்க் குவளை, சாப்பாட்டு மேசைமேல் விரிக்கும் நெகிழித் தாள், உறிஞ்சு குழல் ஆகியவையும் அடங்கும். 2021 டிசம்பரில் அரசு மீண்டும் மஞ்சப்பை இயக்கத்தைத் தொடங்கியபின் பழைய பைக்கு மதிப்புத் திரும்பியுள்ளது. பையின் ஒரு பக்கத்தில் திருமண அழைப்பையே அச்சிட்டுக் கொடுப்போரும் உண்டு. அட்டையில் அச்சிட்ட அழைப்பிதழைப் போல அது குப்பைக்குப் போவதில்லை.

இங்கு ஒன்றை மறைக்காமல் கூறவேண்டும். மலிவான மஞ்சள் பைக்கு உரிய துணி பெரும்பாலும் விசைத்தறித் துணியே. அந்த விலையில் கைத்தறி போட்டியிட இயலாது. போட்டியிட முயல்வதும் வீண். தைக்கும் கூலி நம் ஊர் மகளிர் குழுவுக்கு வந்தால் போதும். கைத்தறிச் சங்கம் நாட வேண்டிய இடம் வேறு. நெருங்கிய உறவினருக்கு ரவிக்கைத் துணியும் துண்டும் வைத்துத் தரும் சீர் இருக்கிறதல்லவா, அந்த இடத்தைப் பிடிக்க வேண்டும். ஆண்டுதோறும் கைமாறிக் கைமாறி, யாரும் தைக்காமல் ஊர் சுற்றும் ரவிக்கைத் துண்டுகளை நாம் அறிவோம். அவற்றுக்கு மாற்றாக, உண்மையில் பயன்படும் ஒரு கைத்தறித் துண்டைக் கொடுத்தால் வாங்கியவர் அதை மறுநாளே தோளில் போடுவார்.

மணமக்களுக்குப் பரிசளிக்க விரும்புவோருக்கு இரண்டு பொருள்களை நினைவூட்டலாம். ஒன்று, திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடைக் கோரைப்பாய். மணமக்களின் பெயரையும் மணநாளையும் பாயிலேயே நெய்து தருவது அவ்வூரின் பழைய வழக்கம். மற்றொன்று பவானி ஜமக்காளம். சுவர்க்கடிகாரம் ஏழு வந்து சேரும் வீட்டில் இவை எட்டாவது கடிகாரமாக இரா.

பூவும் இலையும்

மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் விலை ஏறுவதும் இறங்குவதும் விவசாயிக்கு விளங்கும், வாங்குவோருக்கு விளங்குவதில்லை. மார்கழி, தை மாதங்களில் பனியால் மல்லிகை விளைச்சல் குன்றுகிறது. தை பிறந்ததும் முகூர்த்தங்கள் குவிகின்றன. சரக்கு குறைவு, தேவை அதிகம். கிலோ பல ஆயிரம் ரூபாய்க்குப் போகிறது. பங்குனி, சித்திரையில் செடி பூத்துக் குலுங்கும்போது அதே பூ பறிப்புக் கூலிக்கும் கட்டாத நாட்கள் வரும். இவ்விரண்டுக்கும் நடுவே அல்லாடுபவர் பயிரிடுவோரே.

தையில் மணம் முடிப்போர் மல்லிகைக்காகப் போட்டியிட வேண்டுவதில்லை. அப்போது செவ்வந்தி உண்டு, சம்பங்கி உண்டு, மரிக்கொழுந்தும் துளசியும் சேர்த்துக் கட்டினால் மணமும் உண்டு. குமரி மாவட்டத்துத் தோவாளையில் அரளியையும் நொச்சியிலையையும் மடித்து, மணி பதித்ததுபோல் தொடுக்கும் மாணிக்க மாலைக்கு 2025இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. கும்பகோணம் வெற்றிலையும் அவ்வாண்டே அதைப் பெற்றது. மணமாலைக்கும் தாம்பூலத்துக்கும் இவ்விரண்டையும் கேட்டு வாங்குவோர் பெருகினால் பயிரிடுவோருக்கும் கட்டுவோருக்கும் தைரியம் பிறக்கும்.

விருந்தில் பச்சை வண்ணம் அச்சிட்ட காகித இலை புகுந்திருப்பதைப் பற்றி அதிகம் கூற வேண்டியதில்லை. அதன் மேல் வழவழப்பைத் தருவது நெகிழிப் பூச்சே. வாழையிலை கிடைக்கும் நாட்டில் வாழையிலையின் படத்தில் உண்பது, அன்னப்பட்சி இருக்க அதன் பொம்மைக்குப் பால் வைப்பது போன்றது. இலைக்கு ஒன்றாகவும் கைகழுவும் இடத்தில் ஒன்றாகவும் வைக்கும் சிறு தண்ணீர்ப் புட்டியும் அப்படியே. பாதி குடித்து வைத்த புட்டிகளைப் பந்தி முடிந்ததும் எண்ணிப் பார்த்தவர் மறுமுறை வாங்க மாட்டார். எவர்சில்வர் தம்ளரும், தண்ணீர் ஊற்ற இரண்டு இளைஞரும் போதும். இருபத்தைந்து வகை பரிமாறி எட்டு வகையை இலையோடு மடித்துப் போடும் பெருமையையும் இதனோடு சேர்த்து விட்டுவிடலாம்.

விருந்தினருக்கு மரக்கன்று தரும் புதிய வழக்கம் நல்ல எண்ணத்தில் பிறந்தது. ஆயினும் திருமண மண்டபத்துக்கு அருகிலுள்ள பேருந்து நிறுத்தத்தில் எத்தனை கன்றுகள் கைவிடப்படுகின்றன என்பதையும் காணவேண்டும். நட இடம் உள்ளவருக்கு மட்டும் கேட்டுக் கொடுப்பது மேல். மற்றவர்க்கு ஒரு பொட்டலம் நாட்டுக் காய்கறி விதை பையில் அடங்கும். மாடித் தொட்டியிலும் முளைக்கும்.

பொன்னும் பொருளும்

வரதட்சணைத் தடைச் சட்டம் 1961ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. கொடுப்பதும் வாங்குவதும் குற்றம். ஐந்து ஆண்டுக்குக் குறையாத சிறையும், 15,000 ரூபாய் அல்லது வரதட்சணையின் மதிப்பு இவற்றுள் எது கூடுதலோ அதற்குக் குறையாத அபராதமும் அதில் உண்டு. ஆயினும் இவ்வளவு காலத்துக்குப் பின்னும் "நாங்கள் எதுவும் கேட்கவில்லை, உங்கள் பெண்ணுக்கு நீங்கள் செய்வதைச் செய்யுங்கள்" என்ற தேனொழுகும் வாசகம் வழக்கில் இருக்கிறது. இதைப் பேசுவோர் கேட்கவில்லை என்பது மெய்யே. எண்ணிப் பார்க்கின்றனர், அவ்வளவுதான்.

கேளாமல் மனமுவந்து கொடுக்கும் பரிசுகளைச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் அவற்றுக்கு ஓர் ஒழுங்கு விதித்துள்ளது. 1985ஆம் ஆண்டு விதிகளின்படி, மணமகளுக்கு வந்த பரிசுகளின் பட்டியலை மணமகளும், மணமகனுக்கு வந்தவற்றின் பட்டியலை மணமகனும் வைத்திருக்க வேண்டும். பொருள், ஏறத்தாழ மதிப்பு, கொடுத்தவர் பெயர், உறவுமுறை ஆகியன எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். பந்தல் வாயிலில் மேசை போட்டு, இரண்டு எழுத்தரை அமர்த்தி, ஐம்பத்தொரு ரூபாய் மொய்யையும் பிழையின்றி எழுதிவைக்கும் நம் சமூகம், பெண்ணின் உடைமைக்கு உரிய இந்தப் பட்டியலை மட்டும் எழுதுவதில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். பின்னாளில் தன் பொருள் எது என்று அந்தப் பெண் நிறுவ நேர்ந்தால், அந்த நோட்டே துணை.

நகை வாங்குவோர், 22 காரட் என்பதைக் குறிக்கும் 916 எண்ணோடு ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த அடையாளக் குறி ஒவ்வொரு நகையிலும் உள்ளதா என்று பார்க்கவேண்டும். 2023 ஏப்ரல் முதல் அக்குறியின்றி ஹால்மார்க் நகை விற்கலாகாது. செய்கூலி, சேதாரம், வரி என்று கொடுக்கும் பணம் அடகு வைக்கும்போதும் விற்கும்போதும் திரும்பி வராது. வேலைப்பாடு மிகுந்த நெக்லஸில் அந்தப் பங்கு கூடுதல். புடவையில் வேலைப்பாட்டைத் தேடுங்கள், நகையில் எளிமையைத் தேடுங்கள் என்று முரணாகக் கூறுவதுபோல் தோன்றலாம். புடவையை எவரும் அடகு வைப்பதில்லை, நகையை வைக்கிறோம்.

கடனும் மொய்யும்

இரண்டு வட்டி என்று ஊர்வழக்கில் கூறுவது நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய். ஆண்டுக்கு 24 விழுக்காடு. திருமணத்துக்கென 3 இலட்சம் ரூபாயை இந்த வட்டிக்கு வாங்கினால் மாதம் 6,000 ரூபாய் வட்டி. அசலைத் தொடாமல் ஐந்து ஆண்டு வட்டி மட்டும் கட்டிவந்தால், கட்டியது 3,60,000. அசல் 3 இலட்சம் அப்படியே நிற்கும். பிறந்த பிள்ளை பள்ளிக்குச் செல்லும் வயதாகியும் பெற்றோரின் திருமணக் கடன் தீராது. மாறாக, பிள்ளைக்கு மணவயது வருமுன் ஐந்து ஆண்டு மாதம் 2,000 ரூபாய் சங்கத்தில் தொடர் வைப்பாகச் செலுத்தினால், வட்டியைச் சேர்க்காமலே 1,20,000 கையில் இருக்கும். தறி நெய்யும் குடும்பத்துக்கு மாதம் 2,000 எளிதன்று என்பதை அறிவேன். மாதம் 6,000 அதனினும் எளிதன்று.

மொய்யைப் பற்றிக் கூட்டுறவாளர் சிந்திக்க வேண்டியது நிறைய உண்டு. அதை ஒழிக்க வேண்டிய வழக்கம் என்று நான் கருதவில்லை. பத்திரம் இல்லை, பிணை இல்லை, வழக்குமன்றம் இல்லை. ஊரார் கூடி ஒரு வீட்டின் பெருஞ்செலவைத் தாங்குகின்றனர். நோட்டில் எழுதிய எழுத்தும் ஊர் மதிப்புமே பிணை. கடன் சங்கங்கள் தோன்றுமுன்பே நம் கிராமங்கள் கண்டுபிடித்த பரஸ்பர நிதி அது. பேராவூரணி, புதுக்கோட்டை வட்டாரங்களில் ஆடி மாதத்தை ஒட்டி, திருமணமே இன்றி மொய் வாங்குவதற்கென்றே விருந்து வைக்கும் வழக்கம் இதன் வளர்ச்சியே. பலர் சேர்ந்தும் நடத்துவர். வந்த தொகையால் தொழில் தொடங்கியோரும் உண்டு. நிலம் வாங்கியோரும் உண்டு.

ஆயினும் மொய் என்பது வருமானம் அன்று; கடன். இதை மறந்தால் ஆபத்து. வாங்கியதைத் திருப்பும்போது சற்றுக் கூட்டி வைப்பது மரபாதலால், வட்டி என்ற பெயரில்லாத வட்டியும் அதில் இருக்கிறது. பிறர் வீட்டில் விசேஷம் வரும் நாளை நாம் தீர்மானிக்க இயலாது. ஒரே மாதத்தில் பத்து அழைப்பு வந்தால் பத்தும் தவணை நாளே. பல வீடுகளில் மொய்ப்பணம் வந்த இரவே பந்தல்காரருக்கும் சமையல்காரருக்கும் போய்விடுகிறது. நோட்டு மட்டும் மிஞ்சுகிறது. எனவே மொய்யை எதிர்பார்த்து விருந்தைப் பெருக்கலாகாது. வந்ததில் முதலில் அடைக்க வேண்டியது வெளி வட்டிக் கடன். மிஞ்சியது மணமக்கள் இருவர் பெயரிலும் சங்கத்தில் வைப்பாக இருக்கட்டும். மொய் நோட்டின் நகலும் அவர்களிடம் இருக்கட்டும். திருப்பிச் செய்யும் பொறுப்பு பெரும்பாலும் அவர்கள் தலையில்தானே விழப்போகிறது?

சடங்கும் சட்டமும்

மூன்று நாள் கல்யாணம் ஒரு நாளாயிற்று. அந்த மிச்சத்தை இப்போது முன்படப்பிடிப்பு, மெகந்தி, சங்கீத் என்று புதிய நாட்கள் வந்து தின்கின்றன. இவை வேண்டுமா என்பதை மணமக்களே முடிவு செய்க. எளிய முறையை விரும்புவோருக்குச் சட்டத்தின் வழி திறந்தே உள்ளது. அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் 1928இல் தொடங்கிய சுயமரியாதைத் திருமண முறைக்கு, அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967இல் இயற்றிய திருத்தத்தால் சட்ட மதிப்புக் கிடைத்தது. இந்து திருமணச் சட்டத்தின் 7அ பிரிவின்படி, உற்றார் நண்பர் முன்னிலையில் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகக் கூறுதல், அல்லது மாலையோ மோதிரமோ மாற்றுதல், அல்லது தாலி கட்டுதல் போதும், புரோகிதர் கட்டாயமில்லை. கோயிலில் நடத்தினும், மண்டபத்தில் நடத்தினும், எம்மதத்தவராயினும், 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாட்களுக்குள் பதிவு செய்வது அவசியம். படம் பிடிக்கப் பல ஆயிரம் செலவிடும் குடும்பங்கள் பதிவை மறந்து, பின்னர் கடவுச்சீட்டுக்கும் ஓய்வூதியத்துக்கும் அலைவது வேடிக்கை.

சங்கம் செய்யக் கூடியது

தனியொரு குடும்பம் மட்டும் மாறுவது கடினம். ஊர் என்ன சொல்லும் என்ற அச்சம் எவரையும் விடாது. ஒரு சங்கத்து அங்கத்தினர் பத்துப் பேர் சேர்ந்து மாறினால் ஊர் அவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும். சங்கமோ, அதன் அங்கத்தினரின் மகளிர் குழுவோ, ஐந்நூறு எவர்சில்வர் தம்ளர், அண்டா, கரண்டி, இருபது ஜமக்காளம் ஆகியவற்றை ஒருமுறை வாங்கிவைத்துக் குறைந்த வாடகைக்கு விடலாம். நெசவாளர் சங்கமும் அருகிலுள்ள விவசாயிகளும் ஒப்பந்தம் செய்துகொண்டு, ஒரு முகூர்த்தத்துக்கு வேண்டிய புடவை, வேட்டி, துண்டு, இலை, பூ, வெற்றிலை, மஞ்சள், தேங்காய் முழுவதையும் ஒரே சீட்டில் எழுதி வாங்கும் ஏற்பாட்டைத் தொடங்கலாம். நெசவாளியின் பெண்ணுக்கு விவசாயியின் இலை. விவசாயியின் பெண்ணுக்கு நெசவாளியின் புடவை. இடையில் நிற்கும் தரகுக்கூலி இருவருக்கும் மிச்சம்.

இதற்கு நாள் கணக்கு முக்கியம். கடைக்குப் போய் அன்றே எடுப்பது போலன்று சங்கத்தில் சொல்லி நெய்வது. நிறம் தேர்ந்து, நூலுக்குச் சாயம் ஏற்றி, பாவு ஓட்டி, கோர்வைப் புடவை ஒன்றை நெய்து முடிக்க மூன்று நான்கு வாரமேனும் வேண்டும். வரிசையில் முன்னே நிற்கும் தேவையையும் சேர்த்தால் இரண்டு மாதம். ஆகவே தை முகூர்த்தத்துக்கு ஐப்பசிக்குள் புடவையை எழுதிவிட வேண்டும். பத்தமடைப் பாய்க்கும் பெயரும் நாளும் முன்கூட்டியே கொடுக்க வேண்டும். இலைக்கும் வாழைக் குலைக்கும் தோட்டக்காரரிடம் ஒரு மாதத்துக்கு முன் சொன்னால், மரம் பார்த்து ஒதுக்கி வைப்பார். பூவுக்கு ஒரு வாரம் போதும். மார்கழிக் கடைசியில் பனி எப்படி என்று கேட்டுக்கொண்டு, மல்லிகையா சம்பங்கியா என்பதை அன்று முடிவு செய்யலாம்.